அடிவரிசை ரீல்

அக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து தூறல். பஸ் படப்பை ஸ்டாப்புக்கு வரவே இருபது நிமிடம் தாமதம். பின்சீட்டில் யாரோ: "பேப்பர் ஸ்ட்ராவா? ஜூஸ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கஞ்சியாயிடுது." எங்கள் கம்பெனியில் செய்வதே அந்த ஸ்ட்ராதான்.

நான் டெஸ்ட் பார்க்கும் லேபில் காத்திருந்தது அதே புகார். ஆயுத பூஜைக்குப் பின் அனுப்பிய ஸ்ட்ரா கொழகொழவென்று ஆகிறதாம். பத்து எடுத்துத் தண்ணீரில் நிறுத்தி, விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். ஏழு ஸ்ட்ரா கால் மணி நேரத்தில் தொய்ந்து, மூன்று அடுக்குப் பேப்பரும் தனித்தனியாக வந்துவிட்டது. மூன்று மட்டும் விறைப்பாக.

மேனேஜர் விசாரிக்கவே இல்லை. "பசை கம்மியா வுட்டுருக்காங்க. மெஷின்ல செல்விதானே? புதன்கிழமை ரிப்போர்ட் குடும்மா."

செல்வி அக்கா காண்ட்ராக்ட். பழி அவர் தலையில் விழுந்தால் வேலை காலி.

அக்டோபர் 14, செவ்வாய்

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. புழுக்கம். நகம் எல்லாம் கடித்தாயிற்று.

பசை குறைந்தால் பத்துமே கெட வேண்டும். மூன்று எப்படித் தப்பியது? எனக்கே புரிய எழுதிப் பார்க்கிறேன்:

– பேப்பர் என்பது மரநார். நாரும் நாரும் கை கோத்து நிற்கும். தண்ணீர் நடுவில் புகுந்தால் அந்தக் கையை விட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் ஊறுவது.
– புகும் வழி பெரும்பாலும் வெட்டிய முனை. (மெழுகு தடவிப் பார்த்தேன். பத்து நிமிடம் கூடுதல்.)
– காய்ந்த பேப்பர் பசையிலுள்ள தண்ணீரை உறிஞ்சும், அடுக்கு ஒட்டும். முன்பே ஈரமான பேப்பர் உறிஞ்சாது. பசை வழுக்கும்.

ஈரம் எங்கிருந்து? பேப்பர் ரீல்களை அடுக்கி வைக்கும் கோடவுனுக்குப் போனேன். மேல்வரிசை ரீலில் சுற்றிய ஸ்ட்ரா ஒரு மணி நேரம் தாண்டியது. அடிவரிசை ரீல், பதினாலு நிமிடம். அதே மெஷின், அதே பசை, அதே செல்வி அக்கா. அடி ரீல்களின் ஓரம் நெளிநெளியாக, தண்ணீர் ஏறிய கறையோடு.

பூஜைக்கு முந்தின நாள் கோடவுனைக் கழுவியே ஆக வேண்டும் என்று குதித்தவள் நான். ரீலை நகர்த்த நேரமில்லை என்றவளும் நான். தண்ணீர் டியூபைப் பிடித்துத் தரையெல்லாம் வெள்ளமாக்கி, கோலம் போட்டு, போட்டோவும் எடுத்தேன்.

அடுத்த மாதம் எனக்கு பர்மனென்ட் ஆர்டர். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 15, புதன்

மழை பிடித்துக்கொண்டது. ரிப்போர்ட்டில் "மழைக்கால ஈரப்பதம்" என்று எழுதிக் கொடுத்தேன். யாருக்கும் அடிபடாது என்று நினைப்பு.

மேனேஜர் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். "மழை போன வருசமும்தான் பேஞ்சுது. செல்விய நாளைலேர்ந்து வேணாம்னு காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். மாத்தி எழுதிக் குடு."

கேன்டீனில் செல்வி அக்காவே வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர்தான் பேசினார்.

"நீ கோடவுன்ல தண்ணி வுடும்போதே பாத்தேன் பாப்பா. அடி ரீலு நனையுதேன்னு சொல்ல வந்தேன். படிச்ச பொண்ணு, அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுடப் போவுதுன்னு வுட்டுட்டேன்."

"அப்புறம் சார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா உன் வேல பூடும். நான் வேற எங்கனா மெஷின் ஓட்டிக்குவேன். இன்னா இப்போ? சாப்டு."

அசிங்கமாக இருந்தது. இரண்டு நாளாக நான் என் ஆர்டரை நினைத்துக்கொண்டிருந்தேன், அவரும் என் ஆர்டரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மணி 2.40. மேனேஜர் அறை வாசல் பெஞ்சில் எழுதுகிறேன். புது ரிப்போர்ட் மடியில். காரணம் என்ற இடத்தில் என் பெயர்.

உள்ளே கூப்பிடுகிறார்