மருந்தடிக்காத ரோஜா

அன்பு மகளுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன், மற்றதைப் படித்துப் பதறாதே.

தவழும் வயதில் நீ ரோஜா இதழ்களைப் பிய்த்துத் தின்பாய். அன்றிலிருந்து நம் ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் பூச்சிமருந்துக்கு இடமில்லை. மருந்தில்லாமலே கரும்புள்ளி நோயைத் தாங்கும் செடி வேண்டுமென்று அலைந்து, ஹைப்ரிட் மஸ்க் ரோஜாவைத் தேடிப் பிடித்தவள் உன் அம்மா. இந்த மழையிலும் இலை உதிராமல் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கிறது.

இன்று கோயிலில் காலைப் பூசை பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். தோட்டமெங்கும் மருந்து நெடி. அவள் கையில், எப்போதோ கடையில் வாங்கிய பூச்சிமருந்து ஸ்பிரே பாட்டில் இருந்தது. இலைகளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன.

"என்னம்மா செய்யற?" என்றேன்.

சிரித்தபடி ஒரு பூவைப் பறித்து நீட்டினாள். "சாப்பிட்டுப் பாருங்க. நம்ம செடிக்கு மருந்தே அடிச்சதில்ல."

இன்னொரு பூவை அவள் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். ஓங்கித் தட்டிவிட்டேன். என் கை பட்டு அவள் உதடு வீங்கிவிட்டது. எதற்கு அடித்தேன் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே எதுவும் போகவில்லையாம்.

"எவ்ளோ நாளா இப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். நீ வந்துவிடு. அவரிடம் உண்மையைச் சொல்லும்போது என் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

உன் அப்பா