காற்றில் விடாத நாற்பத்தொரு கிலோ

மார்ச் 4, செவ்வாய்

ஒரு பல் மருத்துவரின் அறையில் பழைய ஏசியைக் கழற்றினோம். கடையின் மூத்த மெக்கானிக் பெரியண்ணன் வழக்கம்போல ஸ்பேனரைப் போட்டு நட்டைத் தளர்த்தினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். இத்தனை வருடம் அந்த அறையைக் குளிர்வித்த கேஸ் முழுவதும் ஜன்னல் வழியே போய்விட்டது.

“அண்ணே, இதைப் பிடிக்கத்தானே கடையில மெஷின் இருக்கு?” என்றேன்.

“அது லைசென்ஸுக்கு வாங்கினது, டீச்சரம்மா. வேலைக்கு இல்ல.”

“அப்போ இது?”

“காத்துதானே. காத்தோட போகுது, விடு.”

காற்றாம். தண்ணீர் மேலே போனால் மழையாகத் திரும்பும். இலை விழுந்தால் மண்ணாகும். கரியமில வாயுவைக்கூட மரமும் கடலும் கொஞ்சமாவது வாங்கிக்கொள்ளும். இதை எந்த மரம் வாங்கும்? தொழிற்சாலையில் மனிதன் செய்த கேஸ் இது. எந்தச் சுழற்சியிலும் இதற்கு இடமில்லை. பல வருடம் மேலேயே நின்று சூட்டைப் பிடித்து வைக்கும், ஓசோனையும் அரிக்கும். ஒரு கிலோ விட்டால், ஒன்றே முக்கால் டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் சொல்லித்தான் எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற சுவருக்குக் கீழேதான் மெஷின், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

மார்ச் 5, புதன்

கண்ணுக்குத் தெரியாததால்தான் இந்தத் துணிச்சல். கறுப்பாகப் புகைந்திருந்தால் தெருவே திரண்டு வந்து எங்களை உதைத்திருக்கும்.

மார்ச் 12, புதன்

பெரிய வேலை கிடைத்திருக்கிறது. ஆறு மாடி அலுவலகம் ஒன்றில் பழைய ஏசிகளையெல்லாம் கழற்றிவிட்டுப் புதியவை மாட்ட வேண்டும். நான்கு நாள் கெடு. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. (மாமா என்றால் அக்காவின் கணவர், கடை அவருடையது. அக்காவுக்குப் பயந்துதான் என்னை வேலைக்கு வைத்தார் என்று பெரியண்ணன் சொல்வார். பாதி உண்மை.)

இடம் பார்க்கப் போனோம். ஏசிகளின் வெளிப்பெட்டிகள் அத்தனையும் கட்டடத்தின் பின்பக்கம், ஒரு சந்துப் பக்கம் பார்த்தபடி. சந்தில் ஒற்றை அறை வீடுகள். எதிரே ஒரு தையல்காரம்மா, ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்துவிட்டு உள்ளே வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

“திறந்தா அவங்க சூடெல்லாம் இங்க வருது. அவங்களுக்குக் குளுரணும்ல” என்றார். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, “அந்தச் சூடு குடியிருக்க வாடகை மட்டும் நான் குடுக்கறேன்.”

இரவுச் சாப்பாட்டில் மாமாவிடம் சொன்னேன்: இந்த வேலையில் ஒரு பொட்டு கேஸ்கூட வெளியே விடக்கூடாது.

“நாலு நாள்ல முடியுமா அது?”

“முடியும்.”

“முடியலன்னா?”

நான் சோற்றைப் பிசைந்தேன். அவரே சொன்னார்: “கோபமா சொல்லலம்மா. ஒரு நாள் தள்ளிப் போனாலும் அந்த ஆபீஸ் நம்மள அடுத்து கூப்பிடாது. தள்ளிப்போச்சுன்னா நீ வேற கடை பாத்துக்கோ.”

அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றாள். “அவ முடியும்னுட்டா. முதல்ல சாப்பிடுங்க.”

மார்ச் 17, திங்கள்

காலையில் முதல் சண்டை கட்டடத்தின் எலெக்ட்ரீஷியனோடு. வந்ததும் மெயினை அணைக்கப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கரண்ட் இருந்தால்தான் என் வேலை பாதியாகக் குறையும். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வால்வை மூடினால், அதுவே தன் கேஸையெல்லாம் வெளிப்பெட்டிக்குள் இழுத்துக்கொள்ளும். அடுத்த வால்வையும் மூடினால் பெட்டியைப் பூட்டியது மாதிரி. சில நிமிட வேலை. பிறகு பெட்டியைக் கீழே இறக்கி, கார் நிறுத்துமிடத்தில் வைத்து, மெஷின் மூலம் சிலிண்டருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

“கழட்டற மெஷினுக்கு எதுக்கும்மா கரண்ட்?” என்றார்.

“சாகறதுக்கு முன்னாடி அதுவே மூச்சை உள்ள இழுத்துக்கட்டும் சார்.”

சிரித்துவிட்டு விட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு மாடி முடிந்தது. பெரியண்ணன் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. அதுவே எனக்குக் கைதட்டல்.

மார்ச் 18, செவ்வாய்

கை முழுக்கக் கொப்புளம். நாலு மாடி. நாலு.

மார்ச் 19, புதன்

இன்று நடந்ததை நினைத்தால் வருவது கோபமா, அழுகையா தெரியவில்லை.

சிலிண்டர்களில் நானே எழுதி வைத்திருந்தேன்: பழைய கேஸ், புது கேஸ். ஏசிகளில் முக்கால்வாசி பழைய வகை, சில பிறகு வாங்கியவை. இரண்டும் கலந்தால் ஒன்றுக்கும் ஆகாது. சுத்தம் செய்து திரும்ப நிரப்பவும் முடியாது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், பழைய சிலிண்டரின் அழுத்தம் இருக்க வேண்டியதைவிட எக்கச்சக்கமாக ஏறி நிற்கிறது. பக்கத்தில் பெரியண்ணன். புது வகைப் பெட்டி ஒன்றை அதில் மாட்டியிருந்தார்.

என்ன பேசினேன் என்று எழுதப் பிடிக்கவில்லை. இருபது வருஷமா என்னத்தக் கிழிச்சீங்கன்னு கேட்டேன். எல்லார் முன்னாடியும்.

அவர் பெட்டியின் ஸ்டிக்கரைக் காட்டினார். வெயிலில் வெளுத்து ஓர் எழுத்துகூட இல்லை. “நீ சாப்புட்டு வர்றதுக்குள்ள நாலு பெட்டிய முடிச்சு வெப்போம்னு பாத்தேன்” என்றார்.

அந்த மனுஷன் யாரும் சொல்லாமல் அந்த மெஷினைத் தொட்டது இதுதான் முதல் முறை. அதற்கு நான் கொடுத்த பரிசு இது.

அதற்குள் மாமா வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். “கலந்துபோச்சுன்னா அதை வெச்சு என்ன பண்ணப் போறோம்? பின்னாடி கொண்டுபோய்த் திறந்து விட்டுட்டு சிலிண்டரைக் கழுவி எடுத்துட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணுதானே.”

பின்னாடி என்றால் அந்தச் சந்து. தையல்காரம்மாவின் ஜன்னல். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியண்ணன் போய் அந்தச் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“இது என் தப்பு. திறக்கணும்னா என்னை எழுப்பிட்டுத் திறங்க.”

மாமா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரெண்டு பேரும் சேந்துட்டீங்களா? நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“எந்திரிங்கண்ணே, அவரு போயிட்டாரு.”

“இரு. முட்டி பிடிச்சுக்கிச்சு.”

அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் கெடக்கட்டும், கையைக் குடு” என்றார்.

மார்ச் 20, வியாழன்

மாலை ஆறுக்கு முன்னால் கடைசிப் பெட்டி. கெடுவுக்குள். சிலிண்டர்களை எடை போட்டோம்: எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு கிலோ. கலந்துபோனதும் அதில் சேர்த்தி. அதுவும் உள்ளேதான் இருக்கிறது, வானத்தில் இல்லை. எழுபது டன்னுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமமான ஒன்றை இரண்டு பேர் நாலு நாளில் பூட்டி வைத்திருக்கிறோம். இந்த நகரத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் போகட்டும். எனக்குத் தெரியும். இன்று படிக்கட்டில் இறங்கும்போது நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

மார்ச் 27, வியாழன்

கலந்த சிலிண்டரை எரித்து அழிக்கிற ஆலைக்கு அனுப்ப லாரி வந்தது. அனுப்பச் சொன்னது மாமா. என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏற்றும்போது மட்டும் டிரைவரிடம், “வழியில எவனாவது திறக்கச் சொன்னா எங்க பெரியண்ணனுக்கு போன் பண்ணு. அவரு வந்து மேல உக்காருவாரு” என்றார். பெரியண்ணன் காது வரை சிவந்துபோனார்.

ஏப்ரல் 2, புதன்

பில்லில் கையெழுத்து வாங்க அந்த அலுவலகத்துக்குப் போனேன். தையல்காரம்மாவின் ஜன்னலில் அட்டை அப்படியே இருக்கிறது.

“புதுசும் சூடாத்தாம்மா அடிக்குது” என்றார்.

உண்மை. உள்ளே இருப்பவனுக்குக் குளிர், வெளியே இருப்பவளுக்கு அனல். அந்தக் கணக்கை நாங்கள் ஒரு நூல்கூட மாற்றவில்லை. பூமிக்கு உபகாரம் செய்தேன் என்று இவர் முன்னால் நின்று சொல்ல முடியுமா? மேலாளரிடம் போய்ப் பெட்டிகளை மொட்டைமாடிக்கு மாற்றச் சொன்னேன். “அது உங்க வேலை இல்லையே” என்றார். அடுத்த வாரமும் போய்க் கேட்பேன்.

ஏப்ரல் 24, வியாழன்

நாலு மணிக்குக் கடையில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பெரியண்ணன் தனியாக வேலைக்குப் போயிருந்த வீட்டின் சொந்தக்காரர். கடுப்பில் இருந்தார். “ஒரு பழைய ஏசியக் கழட்ட இவ்வளவு நேரமா? உங்க ஆளு என்னமோ ஒரு மெஷினை ஓட விட்டுட்டுப் பக்கத்துல குந்திக்கிட்டு இருக்காரு. போன தடவை வந்தவன் அஞ்சே நிமிஷத்துல கழட்டிட்டான்.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் கையிலிருந்து போனை வாங்கினார். அவர் சொல்வதை முழுக்கக் கேட்டார்.

“ஆமா சார், நேரம் ஆகும்” என்றார். “எங்க கடையில அப்படித்தான்.”