திங்கள் பத்து மணி வரை தொடாதே

2010 அக்டோபர் 20, புதன்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். லேபில் செல் வளர்க்கும் தட்டில் குழிகள் ஆறு. மூன்றில் செல்கள் பிரிந்து கிடக்கின்றன, மூன்றில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீ சொன்னதேதான். மூன்றாவது முறையாகவும்.

பக்கத்தில் உன் பழைய தட்டின் மூடி இருக்கிறது. நீல மார்க்கரில் உன் சாய்ந்த எழுத்து: ‘திங்கள் பத்து மணி. அதுவரை தொடாதே.’ மேசையில் எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன். அந்த மூடியை மட்டும் துடைப்பதில்லை.

நமக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். மனிதச் செல்லைப் பக்கத்துச் செல்லோடு கொக்கிபோலப் பிடித்துவைக்கும் புரதம் ஒன்று உண்டு. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவை ஒரு குட்டி ஆர்.என்.ஏ. துண்டை அனுப்பி வாயடைக்க வேண்டும். செல்கள் கூட்டத்தை விட்டு நகர்ந்தால் புற்றுநோய் பரவும் வழி கொஞ்சம் புரியும். துண்டைத் தயார் செய்வது நீ. மைக்ராஸ்கோப் நான்.

போன மாதம் ஒரு வெள்ளி காலை பத்துக்குத் துண்டைப் போட்டோம். எழுபத்திரண்டு மணி நேரம் என்றாய். நான் சனி பத்துக்கே பார்த்தேன். ஒரு செல்கூட நகரவில்லை.

“ஜல்தி பண்ணாதடா. புதுக் கொக்கி வர்றதுதான் நின்னுருக்கு. ஏற்கெனவே மாட்டிக்கினு இருக்கிறது தேய்ஞ்சி போவ நாளாவும்” என்றாய்.

நான் கேட்கவில்லை. நம் வழிகாட்டி சாரிடம் போய், நீ கையுறை போடாமல் தொட்டதால் துண்டு கெட்டுவிட்டது என்றேன். நீ அப்படித் தொட்டதை நான் பார்க்கவே இல்லை. இனி செல் வேலையில் நீ வேண்டாம் என்று சார் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் தட்டைக் கழுவி ஊற்றினேன். சனிக்கிழமை என்றால் ஒரே ரயிலில் ஊருக்குப் போவோம். அன்று நான் தனியாக விழுப்புரம் பஸ் ஏறினேன்.

திங்கள் காலை விழுப்புரத்தில் ரயில் ஏறியதும் வழக்கம்போல உனக்காகப் பக்கத்து சீட்டில் பையை வைத்தேன். திண்டிவனத்தில் நீ ஏறவில்லை. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். மாற்றி எழுதப்போவதில்லை.

லேபுக்கு வந்தால், இன்குபேட்டரின் கீழ் அடுக்கில், பின்னால், இந்த மூடியோடு இன்னொரு தட்டு. என்னைப் பற்றித் தெரிந்து வெள்ளியன்றே ஒன்று கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறாய். மணி பத்து. எடுத்துப் பார்த்தேன். துண்டு போட்ட மூன்று குழியிலும் செல்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டிருந்தன.

ஜெயிச்சிட்டடா என்று சொல்லத்தான் உன் நம்பருக்கு அடித்தேன். உன் அப்பா எடுத்தார்.

“நேத்து சர்ச்சில பூசைக்குப் போய்ட்டு வர்றப்போ லாரி இடிச்சிருச்சிப்பா. அவன் இல்ல. இன்னா சமாச்சாரம்?”

“ஒண்ணுமில்லிங்க” என்றேன்.

நேற்று உன் முப்பதாம் நாள் பூசை. காபி கொடுத்துவிட்டு உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்பா. அவன் வேலையில எதுனா தப்பு பண்ணிட்டானா? அந்த சனிக்கெழம சோறே துன்னல.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் பொறுக்க முடியாதவன், ஒப்புக்கொள்ள ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். உன்னிடமிருந்து புதிதாக எதுவும் வருவதில்லை. ஏற்கெனவே மாட்டியது தேயவில்லை. உன் எழுபத்திரண்டு மணி நேரம் பத்து முறை ஆகிவிட்டதடா.

இனி செய்யப்போவது:

1. இன்று மதியம் சாரிடம் சொல்வது: துண்டு கெடவில்லை, அவசரப்பட்டது நான்.
2. ஆய்வுக் குறிப்பேட்டில், அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் உன் தவறு என்று நான் எழுதிய வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, கையெழுத்துப் போடுவது. அடியில் அந்த வரி தெரிய வேண்டும்.
3. சனிக்கிழமை திண்டிவனத்தில் இறங்கி, உன் தட்டின் படத்தை அம்மாவிடம் கொடுத்து, அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வது.
4. அம்மா போகச் சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பது.