மாடியில் இருக்கிற மருந்து

2006 செப்டம்பர் 12, செவ்வாய்

 

குடியிருப்பவர்கள் தங்கள் பெயரில் தீ இன்சூரன்ஸ் எடுத்தால்தான் வீட்டில் இருக்கலாம் என்று வீட்டுக்காரர் போன வாரமே சொல்லிவிட்டார். தீபாவளி சீசனுக்காக மாடி அறையில் வெடிமருந்து மூட்டைகளை அடுக்கி வைத்திருப்பவரே அவர்தான். மூட்டையை இறக்க மனமில்லை. பாலிசியை என் தலையில் கட்டுகிறார்.

காலையில் ஏஜென்ட் வந்தார். கோயம்புத்தூரிலிருந்து இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர். "வீட்ல தீப்பிடிக்கிற சாமான் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். நான், "மாடியில மருந்து இருக்கு, சார்" என்றேன்.

வீட்டுக்காரர் அசரவில்லை. "எங்க அத்தைக்குச் சர்க்கரை வியாதி. அம்புட்டு மருந்தும் மாடியிலதான் கெடக்கு. அதைச் சொல்றாக" என்று சிரித்தார்.

பட்டாசு ஊரான திருத்தங்கலில் மருந்து என்றால் என்னவென்று அந்த ஏஜென்டுக்கு எப்படித் தெரியும்? பாரத்தில் 'இல்லை' என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

வெடி என்று ஒரு வார்த்தை முன்னால் சேர்த்திருந்தால் போதும். சீசன் நேரத்தில் வேறு வீடு எங்கே தேடுவது என்று யோசித்தேன். கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு ஏதாவது ஆனால், பொய் சொன்னவன் நான்தான்.

கிளம்பும்போது ஏஜென்ட் அக்கறையாகச் சொன்னார்: "மருந்தைக் கொழந்தைங்க கைக்கு எட்டாம வைக்கச் சொல்லுங்க."

எட்டாமல்தான் இருக்கிறது. அதற்கு நேர் கீழே என் பிள்ளைகள் இரண்டு பேரும் தூங்குகிறார்கள்.