கொட்டாஞ்சேனையில் விரித்த பாய்

றாகமை, 12.2.1937

அன்புள்ள சீதேவிக்கு,

முருகன் புண்ணியத்தில் நான் சுகம். மாமிக்குக் காய்ச்சல் விட்டதா?

ஞாயிறன்று றெயில்பாதை வேலைக் கூட்டாளிகளுடன் கொழும்பு பார்க்கப் போனேன். கொட்டாஞ்சேனையில் மழை பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், முகமறியாத எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கோப்பி தந்தார். நான் மட்டக்களப்பு என்றதும் சிரித்தார்.

"நீங்கள் உங்கட ஊருக்கு வாற ஆம்பிளையளை மந்திரிச்சுப் பாயோட ஒட்டவைச்சு, திரும்பிப் போகவிடாத ஆக்களெல்லோ! இண்டைக்கு நாங்கள் உன்னை ஒட்டுறம், தம்பி" என்று பாயை விரித்தார்.

உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். "ஒட்டிட்டான்" என்று கூட்டாளிகள் சிரித்தார்களாம். வெறும் வேலை அலுப்புத்தான்; யோசிக்காதே.

என் பாய் கிழிந்துவிட்டது. லீவில் ஊருக்கு வந்திருக்கும் நல்லரத்தினம் இங்கே வேலைக்குத் திரும்பும்போது நீ இழைத்த பாயொன்று கொடுத்துவிடு. வேலைக்கு மணி அடிக்கிறது.

அந்த மந்திரம் மெய்யென்றால், உன் பாயை விட்டு நான் எப்படி எழும்பி வந்தேன்?

உன்
பூபாலபிள்ளை