ஆலிவ் மரத்தடியில் ஒரே தட்டு

டின்னின் அடியில் ஒரு விரற்கடை ஆலிவ் எண்ணெய்தான் மிச்சம் இருந்தது. இன்று காலை அதைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, வெந்நீர் ஊற்றி டின்னைக் கழுவினேன். சனிக்கிழமைக்கு அது வேண்டும். பச்சைப் புல்லும் மிளகும் கலந்த மாதிரி ஒரு வாசனை சமையலறை முழுக்க எழுந்தது. உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் வரும் அதே வாசனை. இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தாலும் படித்திருக்க முடியாது, அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் பத்து வருஷம் ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். நான் குரோம்பேட்டைக்காரி. நீங்கள் மொராக்கோவின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்த அமாஸிக் பெண். முதல் மாதம் என் கணவர் உங்களை ‘அரபுக்கார ஆன்ட்டி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். “நாங்கள் அரபிகள் இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே அந்த மலையில் இருந்தவர்கள்” என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள், அதுவும் சிரித்துக்கொண்டு. அதற்கப்புறம் அவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

ஒரு குளிர்காலக் காற்றில் நமக்குப் பொதுவான அந்த வேலி விழுந்தது. “மூணு கான்ட்ராக்டர்கிட்ட கொட்டேஷன் கேட்டிருக்கேன். அடுத்த மாசம்தான் டேட் குடுப்பாங்களாம்” என்றார் என் கணவர். நீங்கள் “சனிக்கிழமை ஆட்கள் வருவார்கள்” என்றீர்கள். வந்தார்கள். ஃப்ரீமான்ட், பிளசன்டன் பக்கத்திலிருந்து உங்கள் மொழி பேசுகிறவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் டாக்ஸி ஓட்டுகிறவர். யாருக்கும் கூலி கிடையாது. இதற்குத் திவிஸி என்று பெயர் சொன்னீர்கள். ஒரு வீட்டு வேலைக்கு, வீட்டுக்கு ஒருவராக ஊரே வந்து கை கொடுப்பது. உங்கள் கிராமத்தில் இப்போது அந்த அழைப்பு ஃபோனில் வருகிறதாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள்கூட ஒரு நாளாவது வாய்க்காலில் இறங்கித் தூர்வாராமல் திரும்ப முடியாதாம்.

நான் கோயிலில் வாலண்டியர் லிஸ்ட் போடுகிறவள். பழக்க தோஷம், யார் எத்தனை மணிக்கு என்ன செய்வது என்று ஒரு ஸைன்-அப் ஷீட் தயாரித்து அனுப்பினேன். எட்டுப் பேரில் ஒருவரும் அதைத் திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் வேலி நின்றுவிட்டது.

“வேலை வைத்த வீடு சாப்பாடு போட வேண்டும். எல்லோரும் சாப்பிட்டால்தான் வேலை முடிந்தது” என்றீர்கள். பாதி வேலி எங்களுடையது என்பதால் நான் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் செய்து, பேப்பர் பிளேட்டுகளில் வைத்துக் கொண்டுவந்தேன். நீங்கள் எல்லாவற்றையும் உங்கள் பெரிய மண் தட்டில் கவிழ்த்தீர்கள். உங்கள் தோட்டத்து ஆலிவ் மரத்தடியில் அதைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். “வா, இங்கே உனக்கு இடம் இருக்கிறது” என்று கூப்பிட்டீர்கள். என் கை எச்சில் பார்த்து வளர்ந்த கை. “நான் அப்போதே சாப்பிட்டுவிட்டேன்” என்றேன். சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் இந்தப் பொய்க்கு மரியாதை என்று பெயர்.

அன்று நீங்கள் சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. “உடம்பு முடியாதவர் ஆள் கூப்பிட மாட்டார். அறுக்காத வயலைப் பார்த்து மற்றவர்கள் தாமாக வர வேண்டும்.” கேட்டு, தலையாட்டி, மறந்துபோனேன்.

பிறகு நீங்களே படுத்தீர்கள். உங்கள் ஊர்க்காரர்களிடம் நோயைப் பற்றி மூச்சே விடவில்லை. அடுத்த வீட்டில் இருந்ததால் எனக்கு மட்டும் தெரியும். ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்’ என்று மெசேஜ் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அடுத்த வாரம் அதே மெசேஜ், அதே கட்டைவிரல். வேலிக்கு மேலே உங்கள் இரண்டு மரங்களும் காய்த்து, கறுத்து, உதிர ஆரம்பித்தன. அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். “ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு. டிஸ்டர்ப் பண்ண வேணாம்” என்றார் கணவர். அது எனக்கும் வசதியாக இருந்தது.

மூன்றாவது வாரம்தான் புத்தி வந்தது. பழைய பெட்ஷீட்டும் இரண்டு நைலக்ஸ் புடவையும் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வந்தோம். மரத்தடியில் விரித்து, துடைப்பக் கம்பால் கிளைகளைத் தட்டினோம். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான்கு சாக்கு நிரம்பியபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். கையில் ஒரு தட்டு, அதில் நீங்களே சுட்ட ரொட்டி, நடுவில் எண்ணெய். நிற்கவே முடியாதவர் எப்படி மாவு பிசைந்தீர்களோ!

“ஐயோ, எதற்கு சிரமம்? இப்போதுதான் சாப்பிட்டோம்” என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

நீங்கள் கோபப்படவில்லை. “வேலை செய்தவர் சாப்பிடாமல் போனால் அது தர்மம்” என்றீர்கள். “நான் தர்மம் கேட்கவில்லையே.” தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். அப்போதாவது பின்னால் வந்து ஒரு துண்டைப் பிய்த்திருக்கலாம். சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“ஒரு வாய் சாப்ட்ருக்கலாம், இல்ல?” என்றார் கணவர், வீட்டுக்கு வந்ததும்.

“இத அங்கயே சொல்றதுக்கு என்ன?”

மறுநாள் வந்து, நானாகவே கேட்டு வாங்கிச் சாப்பிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மறுநாள் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் திரும்பி வரவில்லை. வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பல் டாக்டர் இந்த டின்னோடு வந்தார். உங்கள் காய்களைத் தங்கள் மரத்துக் காய்களோடு சேர்த்து ஆலையில் ஆட்டினார்களாம். “மரத்தில் கை வைத்த வீட்டுக்கெல்லாம் பங்கு உண்டு. யார் யாருக்கு என்று அவளே ஆஸ்பத்திரியில் சொன்னாள். உங்கள் வீடுதான் முதலில்” என்றார்.

“நாங்கள் அன்று சாப்பிடவில்லை” என்று மட்டும் சொன்னேன், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி.

அவர் டின்னை என் கையில் வைத்தார். “அப்படியானால் வேலை இன்னும் முடியவில்லை” என்றார்.

உங்கள் வீட்டில் இப்போது கைக்குழந்தையோடு ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருக்கிறாள். மரங்கள் மறுபடியும் கறுத்துவிட்டன. ஏதாவது வேண்டுமா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. சனிக்கிழமை எல்லோரும் காய் தட்ட வருகிறோம் என்று சொன்னேன், அவ்வளவுதான். “அய்யோ, எத்தனை பேருங்க ஆன்ட்டி? பிளேட் எவ்வளவு வாங்கட்டுங்க?” என்று பதறினாள். பிளேட் வேண்டாம் என்றேன். உங்கள் மண் தட்டைப் பல் டாக்டர் கொண்டுவருகிறார்.

அன்று காலை நான் ஒன்றும் சாப்பிடாமல் போகப் போகிறேன்.