கூடைக்குள் கேட்ட குருவிச் சத்தம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே இருவரும் உடம்பளவில் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்கிறோம், உன் குரலைக் கேட்டுப் பதினான்கு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள், காலுக்கு நல்ல செருப்பாக வாங்கிப் போடு, வேளைக்குச் சாப்பிடு.

நம் சபை நிலவரம் உனக்குத் தெரிந்ததுதான். முதல் பாட்டு முடிகிறவரை பாதி பெஞ்ச் காலி, வந்தவர்களும் வீட்டு வாடகை, பிள்ளைகளின் மார்க், யாருக்கு யார்மேல் கோபம் என்று ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் பீடத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன் கமிட்டிக் கூட்டத்தில் போதகர் மனம் நொந்துபோய், ஆராதனைக்கு முன்னாடி அஞ்சு நிமிஷமாவது ஜனங்க மனசை ஆயத்தப்படுத்தணும், யாராவது பொறுப்பு எடுத்துக்குங்க என்றார். எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் நேரம் பார்த்தவன் ஆயிற்றே, நானும் பெரிய மனுஷனாட்டம் மண்டையை ஆட்டிவிட்டேன். நாற்பது பஸ்ஸை நேரத்துக்குக் கிளப்பியவனுக்கு நாற்பது குடும்பத்தை ஐந்து நிமிஷம் உட்கார வைக்க முடியாதா என்று ஒரு தலைக்கனம்.

முதல் வாரம் சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு, எல்லாரும் அமைதியாக இருப்போம் என்று சொல்லிவிட்டு நின்றேன். இரண்டாவது நிமிஷமே ஒருவர் எழுந்து மைக் வேலை செய்கிறதா என்று சுவிட்சைத் தட்டிப் பார்க்கிறார், கீபோர்டு வாசிக்கும் தம்பி நான் ஏதோ மறந்துவிட்டேன் என்று பாட்டையே ஆரம்பித்துவிட்டான். அடுத்த வாரம் என் கைப்பட அட்டை எழுதி பெஞ்சுக்குப் பெஞ்ச் வைத்தேன். யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், யாரிடம் பேசாமல் இருக்கிறோம், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்றே கேள்வி. ஆராதனை முடிந்து பொறுக்கப் போனால் ஒரு அட்டையின் பின்பக்கம் சோப்பு, முட்டை, பல்பு என்று கடைச் சீட்டு. அதற்கப்புறம்தான் இந்தக் கூடை யோசனை. வாசலிலேயே எல்லார் போனையும் வாங்கி, அம்மா துணி போட்டு வைக்கும் பெரிய கூடையில் போட்டு, பீடத்துக்குக் கீழே மேஜைமேல் வைத்தேன். முன்மாதிரியாக முதலில் என் போனைத்தான் போட்டேன். விளைவு என்ன தெரியுமா, சபை மொத்தமும் பீடத்தை விட்டுவிட்டுக் கூடையையே பார்த்தது. ஏதாவது ஒன்று கிர்ரென்றால் மூன்று பேர் பாதி எழுந்து உட்கார்ந்தார்கள்.

போன ஞாயிறு மட்டும் எப்படியோ கூடிவந்தது. பெஞ்ச் கிரீச்சிடவில்லை, யாரும் இருமவில்லை, கைக்குழந்தைகூடத் தாயின் தோளில் அடங்கிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி, மனசில் இருக்கிற கவலையை எல்லாம் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், கூடைக்குள்ளிருந்து குருவி கத்துகிறது. போன லீவுக்கு வந்தபோது உன் அழைப்புக்கென்று என் போனில் நீ வைத்துக் கொடுத்தாயே, அதே குருவிச் சத்தம். எப்படிப் போனேன் என்று தெரியாது. மேஜைக்கு ஓடிக் கூடையைக் கிளறி, இரண்டு போன் கீழே விழ, கத்துகிறதை எடுத்துக் காதில் வைத்து, சொல்லும்மா, சொல்லும்மா என்கிறேன். மைக் காலரிலேயே இருக்கிறது. சபை முழுக்க என் குரல். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை, பிள்ளையோட சீருடை தைச்சாச்சாக்கா என்று கேட்கிறாள். அது நம் சபைத் தையல்காரம்மாவின் போன், அவளும் அதே குருவிச் சத்தத்தைத்தான் வைத்திருக்கிறாள். யாராவது சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தையல்காரம்மா வந்து என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக்கொண்டு போனாள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் என்னை ஓரமாக அழைத்து, அடுத்த வாரத்திலேருந்து அந்த நேரத்துல அறிவிப்பு வாசிச்சிரலாம், நீங்க மனசு வருத்தப்படாதீங்க என்றார். அம்மா வீட்டுக்கு வரும் வழியில், இத்தனை வாரமா நீங்க ஜெபம் பண்ணலை, காதைத்தான் தீட்டிக்கிட்டு நின்னீங்க, எனக்குத் தெரியும், நானும் அதையேதான் பண்ணிட்டிருந்தேன் என்று சொன்னாள்.

ஞாயிறு காலை, நைட் ஷிப்ட் முடிந்த கையோடு நீ கூப்பிடும் நேரம்தான் அந்த ஐந்து நிமிஷம். கடைசியாகக் கூப்பிட்ட அன்றைக்கு நீ, டூட்டி முடிஞ்சதும் தூங்கிடுறேம்பா, ஆறு மாசமா கோயிலுக்குப் போகலை என்று உள்ளதைச் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. கோயிலுக்குப் போகாதவ எனக்கு எதுக்குப் போன் பண்றே என்று கேட்டேன். இரவெல்லாம் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்த பிள்ளையிடம் இந்த வாயால் அதைக் கேட்டேன். ஊரார் மனசை ஆயத்தப்படுத்தக் கிளம்பியவன் இவன். அட்டை எழுதிய நானே ஒரு அட்டையை எடுத்து என் பதிலை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். மூன்று கேள்விக்கும் உன் பெயர்தான் பதில். என்னை மன்னித்துவிடு அம்மா.

இதைப் படித்து நீ கூப்பிடுவாய் என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை. சபையும் மாறப்போவதில்லை, கூடையை அம்மா துணிக்கே எடுத்துக்கொண்டாள். வருகிற ஞாயிறு நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைவேலையை ஆசீர்வதித்து, உனக்கு நல்ல தூக்கத்தைத் தருவாராக. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், போன் இனி என் சட்டைப்பையில்தான் இருக்கும், சத்தத்தை நிறுத்த மாட்டேன், நடு ஆராதனையானாலும் எழுந்து வெளியே வந்து எடுப்பேன்.

நீ கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும்,
உன் அப்பா